உப்புப் போட்ட தோல்

மயிலைக் குதிரை பிழைக்காது என்று தெரிந்ததும் இமனாலி கத்தியை எடுத்து வரச் சொன்னான்.

மனைவி பெகாய்ம் கத்தியோடு ஒரு பாத்திரத்தையும் கொண்டுவந்தாள். மயிலை லாயத்து வாசலில் ஒருக்களித்துக் கிடந்தது. குட்டி போட்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. வெளியே இரத்தம் அதிகமில்லை. உள்ளே எங்கோ உடைந்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஈறு துணிபோல வெளுத்திருந்தது. தானாகச் செத்தால் அந்த இறைச்சியை யாரும் தொடமாட்டார்கள். இறைவன் பெயரைச் சொல்லி அறுத்துவிட்டால் தெரு முழுக்கச் சாப்பிடலாம்.

அவன் தலைப்பக்கம் மண்டியிட்டான். அவள் மடிப்பக்கம் உட்கார்ந்தாள்.

"என்ன பண்றே?"

"சீம்பால் வேணும். கொஞ்சம் பொறுங்க."

அவன் கத்தியைப் பிடித்தபடி பொறுத்தான். பாத்திரத்தில் பால் மஞ்சளாக, கெட்டியாக விழுந்தது. மயிலையின் மூச்சு விட்டு விட்டு வந்தது.

"போயிடப் போவுது பெகாய்ம். அவ்வளவு கறியும் நாய்க்குத்தான்."

"நீங்க அறுங்க. நான் கறந்துக்கிட்டே இருக்கேன்."

அவன் அறுத்தான். குதிரையின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அவள் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடங்கியதும் மறுபடி கறந்தாள். மடியின் சூடு ஆறும்வரை கறந்தாள். அரைப் பாத்திரம் தேறியது.

குட்டி பெட்டை. தாயின் நிறம் இல்லை, கருப்பு. வைக்கோலில் நான்கு கால்களையும் நான்கு பக்கம் பரப்பிக்கொண்டு எழப் பார்த்தது. நக்கிக் காயவைக்கத் தாய் இல்லை. பெகாய்ம் சாக்கால் துடைத்தாள். சீம்பாலைத் தேநீர்க் கெண்டியில் ஊற்றி, கெண்டி மூக்கில் ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி மாட்டிக் கட்டி, நுனியில் ஊசியால் குத்தினாள். மூன்றாவது முயற்சியில் குட்டி பிடித்துக்கொண்டது.

இறைச்சி வெட்டத் தெரு வந்தது. எங்கள் தெருவில் பதினாறு வீடு. ஒன்பது வீட்டில் பூட்டு. மீதி ஏழிலிருந்தும் ஆள் வந்தார்கள். முதலில் வந்தவள் கலீமா, பெகாய்மின் ஓரகத்தி. இமனாலியின் அண்ணன் ஷர்ஷென் மாஸ்கோவுக்குப் போய் ஆறு வருடம். கலீமா பக்கத்து வீட்டில் ஒரு மாட்டோடு இருக்கிறாள். கெண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த இமனாலியைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, குட்டிக்கு டீயா? சர்க்கரை போட்டியா?"

"போட்டேன் அண்ணி."

"எனக்கு ஒரு நாளாவது போட்டிருக்கியா நீ?"

அவன் சிரிக்கவில்லை. அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குடல் கழுவ உட்கார்ந்தாள்.

போன தை மாதம் மலையில் பனிமேல் மழை பெய்தது. ஒரே நாளில் அது கண்ணாடியாக உறைந்தது. குதிரைகள் குளம்பால் பனியைக் கிளறிப் புல் தின்று வாழ்பவை. கண்ணாடியைக் கிளற முடியவில்லை. இமனாலியின் பதின்மூன்று குதிரைகளில் பதினொன்று நின்ற இடத்தில் செத்தன. தேறியவை செவலையும் மயிலையும். இரண்டும் சினை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சு. குட்டிகள் பிழைத்து நின்றால் இங்கே இருப்பது. இல்லாவிட்டால் பதினேழாம் தேதி மாஸ்கோவுக்கு வண்டி ஏறிவிடுவது என்று இமனாலி ஒருமுறை நாள்கூடச் சொன்னான். பெகாய்ம் எந்த நாளுக்கும் சரி என்று சொன்னதில்லை.

இரண்டு நாளுக்கு முன் செவலை போட்ட குட்டி உயிரில்லாமல் வந்தது. இப்போது மயிலை போய், குட்டி நிற்கிறது. ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் வாய்.

மடி கல்லாகாமலிருக்க பெகாய்ம் செவலையைத் தினம் இரண்டு வேளை கறந்து விட்டாள். இரண்டு கை அளவுதான் வந்தது. குதிரை மாடு மாதிரி இல்லை. பக்கத்தில் தன் குட்டி நின்றால்தான் பாலை இறக்கும். வேறு குட்டி வந்தால் உதைக்கும். அதற்கு ஒரே வழி, செத்த குட்டியின் தோலை இந்தக் குட்டிக்குப் போர்த்துவது. தாய் மோந்து பார்க்கும். தன் வாசனை இருந்தால் நிற்கும்.

"தோல் இருக்கு," என்றான் இமனாலி. காலையிலிருந்து அவன் முகத்தில் முதல் முறையாக ஒரு தெளிவு வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வேலிப்பக்கம் போனான்.

வேலியின் மேல் கட்டையில் தோல் விரித்துக் கிடந்தது. அவன் உட்பக்கத்தை விரலால் தடவினான். விரலை நாக்கில் வைத்தான். அப்படியே நின்றான்.

பெகாய்ம் லாயத்து வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்புவதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

தோல் உரித்தால் உப்பு. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது கை தானாகச் செய்கிற வேலை. ஆடோ மாடோ, சூடு ஆறுமுன் இரண்டு கைப்பிடி கல் உப்பை அள்ளித் தேய்த்துக் கட்டையில் போட்டுவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. செவலையின் குட்டியை இமனாலி உரித்துப் போட்டபோதும் அவள் அதைத்தான் செய்தாள். அன்றைக்கு மயிலை உயிரோடு இருந்தது. உப்பு புழுவைத் தடுக்கும். வாசனையையும் தின்றுவிடும்.

"நான்தான்," என்றாள்.

அவன் திட்டவில்லை. தோலைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டு இறைச்சி வெட்டப் போனான்.

அவள் ஓடைக்குப் போனாள். கரையோரப் பனிக்கட்டியைக் காலால் உடைத்துத் தோலை முக்கினாள். அலசினாள். உள்பக்கத்தை நக்கிப் பார்த்தாள். கரித்தது. மறுபடி முக்கினாள். கை மரத்தது, மரப்பு முழங்கைவரை ஏறியது. நான்காம் முறை கரிக்கவில்லை. மூக்கில் வைத்துப் பார்த்தாள். ஓடைத் தண்ணீர் வாசனை வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

இருந்தாலும் மாலையில் முயன்றார்கள். ஈரத் தோலைக் குட்டியின் முதுகில் போட்டு வயிற்றுக்கு அடியில் கயிற்றால் கட்டினார்கள். செவலைக்கு முன்னங்கால் இரண்டுக்கும் தளை போட்டார்கள். இமனாலி அதன் மேலுதட்டைக் கயிற்றில் முறுக்கிப் பிடித்தான். பெகாய்ம் குட்டியை மடிக்குத் தள்ளினாள். செவலை தலையைத் திருப்பி மோந்தது. ஒரு கணம் காதைக் கூர்த்தது. பிறகு காதைப் பின்னுக்கு மடித்தது.

உதை குட்டியின் விலாவில் விழுந்தது. அது வேலியில் மோதிச் சரிந்தது. எழவில்லை. பெகாய்ம் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நீண்ட கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கின.

இமனாலி கூரைமேல் ஏறினான். எங்கள் தெருவில் கூரைமேல் நின்றால்தான் கைபேசி எடுக்கும். அண்ணனோடு வெகுநேரம் பேசினான். இறங்கி வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே எல்லாம் சொன்னான். இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறதாம். அவனுக்குச் சுவர் பூசுகிற வேலை, அவளுக்கு ஒரு பெரிய கடையில் தரை துடைக்கிற வேலை. ஒரே அறையில் பதினொரு பேர். பெண்கள் பக்கம் திரை கட்டியிருக்கிறார்களாம். திரை நல்ல தடிமனாம்.

பெகாய்ம் குட்டியின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தாள். எலும்பு உடையவில்லை.

"செவலை?"

"வித்துடலாம்."

"வீடு?"

"பூட்டிடலாம். மத்தவங்க பூட்டல?"

"குட்டி?"

"அது இருந்தாத்தானே."

அவள் ஒரு வறட்டியை உடைத்து அடுப்பில் போட்டாள்.

"இருந்தா?"

அவன் கொஞ்ச நேரம் குட்டியைப் பார்த்தான். "இருந்தா எப்படிப் போறது. இருப்போம்," என்றான்.

மறுநாள் சீம்பால் தீர்ந்தது. செவலையிடம் கறந்த இரண்டு கைப் பால் ஒரு வேளைக்குக்கூடப் போதவில்லை. கலீமா மாட்டுப்பால் கொடுத்தாள். தண்ணீரும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார்கள். மதியத்துக்குள் குட்டிக்குக் கழிச்சல் கண்டது. அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். அதுவும் வெளியேறியது. வாலுக்குக் கீழே மயிர் கொட்டித் தோல் சிவந்தது. பெகாய்ம் வெந்நீரில் துடைத்து ஆட்டு வால்கொழுப்பு தடவினாள். குட்டியின் நாக்கு குளிர்ந்திருந்தது. கெண்டியைக் காட்டினால் தலையைத் தூக்கியது. மூன்றாம் நாள் காலையில் தூக்கவில்லை.

மாவட்ட ஊரில் கால்நடை மருத்துவர் இருந்தார். இமனாலி கூரைமேல் ஏறிக் கேட்டான். மலைப்பாதையில் சேறு, பாதை திறக்க நாலைந்து நாளாகும் என்றார். அதுவரை குதிரைப்பால் கொடுங்கள் என்றார். இமனாலி இறங்கி வந்து அதை அப்படியே சொன்னான். கலீமா சிரித்துவிட்டாள்.

"பெரிய படிப்புப் படிச்சிருக்காரு," என்றாள்.

அவள்தான் கேட்டாள், செவலையின் இளங்கொடி, குட்டிக்குப் பின்னால் விழுந்த நஞ்சுக்கொடி, எங்கே என்று. உப்புப் படாத வாசனை அதில்தான் இருக்கும். உரித்த குட்டியோடு சேர்த்து இழுத்துப்போய் வடக்கு ஓடைப் பள்ளத்தில் பனிக்குள் தள்ளிவிட்டதாக இமனாலி சொன்னான். ஐந்து நாள் ஆயிற்று, நரி விட்டிருக்காது என்றான்.

பெகாய்ம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் கூப்பிடவில்லை. கலீமா ஒரு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனாள்.

வடக்குப் பள்ளத்தில் ஆனி மாதம்வரை பனி கிடக்கும். வெயில் எட்டாத இடம். கால் முழங்கால்வரை பனியில் இறங்கியது. கலீமா மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"ஷர்ஷென் போனப்போ என்னையும்தான் கூப்பிட்டான்."

"தெரியாதேக்கா."

"யாருக்குத் தெரியும். மாடு சினையா இருந்துச்சு. கன்னு போட்டதும் வரேன்னேன்."

"அப்புறம்?"

"கன்னு போட்டுச்சு. அப்புறம் பால் இருந்துச்சு. பாலை விட்டுட்டு எங்க போறது. அப்புறம் மறுபடி சினை." கடப்பாரையைத் தோள் மாற்றினாள். "இப்பல்லாம் அவன் கூப்பிடறதில்ல. மாடு எப்படி இருக்குன்னு கேக்குறான்."

பனிமேல் நரிக்கால் தடம் இருந்தது. செத்த குட்டியின் வயிறும் தொடைகளும் இல்லை. பெகாய்ம் எலும்பை ஒதுக்கிவிட்டு அடியில் தோண்டினாள். இரண்டடியில் மண்வெட்டி எதிலோ பட்டு வழுக்கியது. இளங்கொடி நிலத்தோடு பலகையாக உறைந்திருந்தது. பாதியை நரி கிழித்திருந்தது. பாதி இருந்தது.

வெட்டினால் சிதறும் என்று கலீமா சொன்னாள். கடப்பாரையால் சுற்றிலும் மண்ணைப் பெயர்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மண்ணும் சருகுமாகத் துண்டு கையில் வந்தது. பெகாய்ம் கோட்டின் பித்தான்களைக் கழற்றி அதை உள்ளே வைத்து மூடினாள்.

"என்னடி பண்றே, சாக்கு இருக்குல்ல?"

"சாக்குல வெச்சா எப்ப இளகும்?"

வீடு வருவதற்குள் கோட்டின் முன்பக்கம் நனைந்து கறுத்திருந்தது. நாய்கள் அவளைச் சுற்றி வந்தன. கலீமா மண்வெட்டியால் விரட்டினாள்.

குட்டி கண்ணை மூடிக் கிடந்தது. இமனாலி அதன் தலையை மடியில் வைத்திருந்தான். மூச்சு இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

தட்டில் வெந்நீர் ஊற்றி இளங்கொடியை இளக்கினார்கள். வீடு நாறியது. பெகாய்ம் குட்டியின் நெற்றியிலிருந்து வால்வரை தேய்த்தாள். வால் அடியில், செவலை முதலில் மோந்து பார்க்கிற இடத்தில், இரண்டு முறை தேய்த்தாள். மிச்சத்தைச் செவலையின் மூக்கிலேயே பூசினாள். குட்டியால் நிற்க முடியவில்லை. அவள் அதன் வயிற்றுக்கு அடியில் கைகளைக் கோத்துத் தூக்கி நிறுத்தினாள்.

செவலை மோந்தது. மூக்குத்துளை விரிந்தது. குட்டியை மோந்தது, பெகாய்மின் கோட்டை மோந்தது, மறுபடி குட்டியை மோந்தது. காது முன்னும் பின்னும் போய் வந்தது. இமனாலி உதட்டுக் கயிற்றை இன்னொரு சுற்று முறுக்கிப் பிடித்தான்.

பிறகு செவலை மூக்குக்குள் ஒரு சத்தம் செய்தது. தாழ்ந்த சத்தம். குட்டி போட்ட குதிரை மட்டும் செய்வது.

"கயித்தை விடுங்க," என்றாள் பெகாய்ம்.

"உதைக்கும்."

"விடுங்க."

அவன் தளர்த்தினான். செவலை குட்டியின் முதுகை நக்கியது. பெகாய்ம் ஒரு கையால் குட்டியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் அதன் வாயில் பாலைப் பீச்சினாள். முதலில் வழிந்தது. பிறகு நாக்கு அசைந்தது. பிறகு தொண்டை அசைந்தது. கலீமா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

அன்றிலிருந்து பெகாய்ம் லாயத்திலேயே கிடந்தாள். பிறந்த குட்டி மணிக்கு இரண்டு முறை குடிக்கும். செவலை ஏற்றுக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்தக் கோட்டும் அதற்குள் பெகாய்மும் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் நகர்ந்தால் காது மடங்கியது. இமனாலி ஒருமுறை அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தான். செவலை அவன் தோளைக் கடித்தது.

"குதிரைக்கும் தெரியுது தம்பி, உள்ளே யாருன்னு," என்றாள் கலீமா.

அவளே ரொட்டியும் வெந்த இறைச்சியும் லாயத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பெகாய்ம் நின்றுகொண்டே தின்றாள். முகம் கறுத்து ஒடுங்கியது. குட்டியின் கழிச்சல் நின்றது. ஐந்தாம் நாள் அது ஓடியது. எட்டாம் நாள் தாயின் வாலைக் கடித்து இழுத்தது. அதைப் பார்த்து பெகாய்ம் சத்தமாகச் சிரித்தாள். கூரைமேல் நின்ற இமனாலி கீழே பார்த்தான். மறுபடி பேச்சைத் தொடர்ந்தான்.

அந்த நாட்களில் அவன் நிறைய வேலை செய்தான். வேலியில் உடைந்த கட்டைகளை மாற்றினான். வறட்டியை வெட்டி அடுக்கினான். மயிலையின் இறைச்சியில் பாதியை உப்பிட்டுக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டான். அடுப்புக் குழாயைக் கழற்றிக் கரியைத் தட்டி மாட்டினான். பனிக்காலத்துக்கு முன் செய்கிற வேலையைச் சித்திரை மாதத்தில் செய்தான். பெகாய்ம் அதையெல்லாம் லாயத்து வாசலிலிருந்து பார்த்தாள். நல்லது என்று நினைத்தாள்.

பத்தாம் நாள் மதியம் அவனே தேநீர் கொண்டுவந்தான். வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தான். கொஞ்சம் தள்ளித்தான் உட்கார்ந்தான்.

"இது குட்டி போட நாலு வருஷம் ஆகும்," என்றான்.

"ஆமா."

"அதுவரைக்கும் ரெண்டுக்கும் தீனி வேணும். புல் வெட்டி ஏத்திட்டு வர வேற குதிரை இல்ல. காசு கொடுத்துத்தான் வாங்கணும்."

"ஆமா."

"ஷர்ஷென் கூப்பிடறான்."

அவள் குவளையைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரையுமா?"

"நீ எப்படி வருவே?"

குட்டி குடித்துக்கொண்டிருந்தது. செவலை கண்ணைப் பாதி மூடி நின்றது. பெகாய்ம் அசையாமலிருந்தாள். அசைய முடியாது.

"இருப்போம்னு சொன்னீங்க."

"நீ இருக்கேல்ல," என்றான் இமனாலி. அவன் பொய் சொல்லவில்லை. முகத்தில் பொய் இல்லை. குட்டி செத்திருந்தால் எல்லாம் எளிதாக முடிந்திருக்கும், இரண்டு பேரும் போயிருக்கலாம், இப்போது ஒருவர் இருந்துதான் ஆகவேண்டும் என்று நிதானமாக விளக்கினான். இரண்டு வருடம்தான் என்றான். பிறகு மூன்று என்றான். அவன் குவளையை எடுத்துக்கொண்டு போனான்.

போகிற நாள் காலையில் வெயில் நன்றாக இருந்தது. அவன் வெந்நீர் போட்டுக் குளித்தான். மாவட்ட ஊரிலிருந்து வருகிற வண்டி பாலத்தருகே நிற்கும். கலீமா ரொட்டியும் கொழுப்பு அடைத்த குடலும் பையில் வைத்துக் கொடுத்தாள். ஷர்ஷெனுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள். என்ன சொல்லட்டும் அண்ணி என்று அவன் கேட்டான். மாடு நல்லா இருக்குன்னு சொல்லு என்றாள்.

அவன் பையோடு லாயத்துக்கு வந்தான். புதுச் சட்டை, சவரம் செய்த கன்னம். பெகாய்ம் செவலையின் தலைக்கயிற்றைப் பிடித்து நின்றாள். அடியில் குட்டி முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அவன் பையைக் கீழே வைத்துவிட்டு வேலிக்கட்டையைத் தூக்கி உள்ளே வந்தான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான்.

சோப்பு வாசனை அவனுக்கு முன்னே வந்தது. செவலை தலையைத் தூக்கியது. காது பின்னால் மடங்கியது. பின்னங்கால் ஒன்று தரையை விட்டு எழுந்தது. குட்டியின் தலை அதற்கு நேர் கீழே இருந்தது.

"கிட்ட வராதீங்க," என்றாள் பெகாய்ம்.

அவன் நின்றான்.

"அங்கேயே நில்லுங்க."

கையைத் தாழ்த்தினான். சட்டையை மோந்து பார்த்தான். ஒரு அடி பின்னால் வைத்தான், இன்னொரு அடி வைத்தான். கட்டையைத் தாண்டி வெளியே போய் அதை மறுபடி மாட்டினான். போய் இறங்கியதும் பேசுகிறேன் என்றான். கூரைமேல் ஏறினால்தான் எடுக்கும் என்று அவள் சொன்னாள். யாராவது அவ்வளவு நேரம் செவலையைப் பிடித்துக்கொள்ள முடிந்தால் ஏறுகிறேன் என்றாள்.

செவலை காலை மெதுவாகக் கீழே வைத்தது. பெகாய்ம் தன் கோட்டின் முன்பக்கத்தை அதன் மூக்கருகே கொண்டுபோனாள். பாலத்துப் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. குட்டி குடிப்பதை விடவில்லை. ஒரு பக்கம் தீர்ந்ததும் மறு காம்பைத் தேடியது. அவள் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.